சாவி யாரிடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வாசல் வழியாகக் கேட்கின்றன. காசு என்னுடையது, பொருளும் என் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அது யார் பேச்சைக் கேட்கிறது? எனக்கும் பல வருடமாக மனதை அரிக்கும் கேள்வி இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2017-ல் வாங்கிய டெஸ்க்டாப், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். நாற்பதாயிரம் ஆகுமாம். நான் பென்ஷனில் காலம் தள்ளுகிறவன். வேறு வழி உண்டா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: உண்டு ஐயா. தயவுசெய்து அந்தக் கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மைக்ரோசாஃப்ட் இன்னும் ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் வரை, நீட்டிப்பு ஒன்று வைத்திருக்கிறது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிறகு வந்த பிராசஸராக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய வருடத்தைப் பார்த்தால் உங்களுடையது ஆறாவதோ ஏழாவதோவாக இருக்கும். வேகத்தில் ஒரு குறையும் இல்லாத இயந்திரம், எங்கோ ஓர் அலுவலகத்தில் போட்ட பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகக் கிழடாகிவிட்டது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ஒரு 8 ஜிபி பென் டிரைவ் வாங்குங்கள். உங்கள் பேரனோ பழைய மாணவர் யாரோ லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளம்) இறக்கி அதில் ஏற்றித் தரட்டும். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும் (கணினிக்குக் கணினி விசை மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடத்தில் முழுத் திரையும் வந்துவிடும், உங்கள் ஹார்டு டிஸ்கை அது தொடாது. அப்படியே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் அச்சடிக்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் ஒரு நகல் எடுத்தே ஆக வேண்டும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் உங்கள் பழைய வேர்டு கோப்புகள் திறக்கும். பக்க அமைப்பு அங்கங்கே கொஞ்சம் நகர்ந்து நிற்கலாம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் ஏதாவது உங்களுக்குக் கட்டாயம் தேவை என்றால் மட்டும் சிரமம், அதை முதலிலேயே பட்டியல் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நிபுணர்களுக்கான சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய வேலை இது, இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

கேள்வி: துணிக்கடையில் பில் போட போன் நம்பர் கேட்கிறார்கள். தர மாட்டேன் என்றால் முறைக்கிறார்கள். தந்தே ஆக வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. நம்பர் தந்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாதென்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்குச் சொல்லியாயிற்று. "நம்பர் இல்லாமலே போடுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். பின்னால் வரிசை நீளும்போது நமக்கே கூச்சமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, நாலைந்து தடவையில் பழகிவிடும்.

கேள்வி: நான் தப்பு எதுவும் செய்வதில்லை. என் போனை யார் பார்த்தால் எனக்கென்ன? அந்தரங்க உரிமை என்பதெல்லாம் மறைக்க ஏதாவது இருப்பவர்களுக்குத்தானே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுகிறீர்கள். உள்ளே குற்றமா நடக்கிறது?

கடன் செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் ஐந்தாயிரம் பத்தாயிரம் என்று அவசரத்துக்கு வாங்கியவர்கள் செய்த தப்பு என்ன? செயலியை நிறுவும்போது "தொடர்புகளை அணுக அனுமதிக்கவா" என்று கேட்டதற்குச் சரி என்று தட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு தவணை தள்ளிப்போனதும் அந்த போனில் இருந்த மாமனார், மேலாளர், பழைய தோழி என்று அத்தனை பேருக்கும் அழைப்பு போனது. படத்தை ஆபாசமாக மாற்றியும் அனுப்பினார்கள். உயிரை விட்டவர்கள்கூட உண்டு. 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் பக்கமே போகக் கூடாது என்று விதி போட்டது. அப்படிக் கடன் வாங்கியவர்களில் யாருக்கும் மறைக்க ஒன்றும் இல்லை. கடன் வாங்கியதை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை இருந்தது, அதைத்தான் பறிகொடுத்தார்கள். இன்னொன்று: உங்கள் போனில் இருப்பது உங்கள் விஷயம் மட்டும் இல்லை. உங்கள் அக்காவின் மெடிக்கல் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் கிடக்கும். நண்பன் அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடக்கும். அதையெல்லாம் யார் பார்த்தால் என்ன என்று சொல்ல நீங்கள் யார்?

நம் நாட்டில் இது சட்டமாகவே இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை, 1954-லும் 1962-லும் வந்த தீர்ப்புகளைப் பாருங்கள் என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அது அடிப்படை உரிமைதான், 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கியது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. நல்லது. ஆனால் அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு மொத்தமாக விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் வழிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: மகள் பதினொன்றாம் வகுப்பு. எந்நேரமும் போன். அவளுக்குத் தெரியாமல் அவள் மெசேஜ், இருக்கும் இடம் எல்லாவற்றையும் என் போனில் காட்டும் ஒரு செயலியைக் கடையில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். 3,000 ரூபாய். போடலாமா? உங்கள் அனுபவத்தில் எது நல்ல செயலி?
– ஒரு தகப்பன், நாமக்கல்

பதில்: எதுவும் நல்ல செயலி இல்லை. போடாதீர்கள்.

உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். அது கூகுளின் ப்ளே ஸ்டோரிலிருந்து வருவதில்லை. அதை ஏற்றுவதற்காக போனில் இருக்கும் ப்ளே புரொடெக்ட் என்ற காவலை முதலில் அணைப்பார்கள், அதாவது அடுத்து வரும் திருடனுக்கும் கதவு திறந்தே இருக்கும். அப்புறம் உங்கள் மகளின் படங்கள், உரையாடல்கள், அவள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நடக்கிறாள் என்பதெல்லாம் முதலில் போவது உங்கள் போனுக்கு இல்லை. எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்களுக்கு வரும். இப்படி உளவுச் செயலி நடத்தும் நிறுவனங்களிலிருந்தே மொத்தத் தகவலும் கசிந்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒரு பெண் குழந்தையின் அன்றாட நடமாட்டத்தை 3,000 ரூபாய் கொடுத்து நீங்களே முன்பின் தெரியாதவன் கையில் ஒப்படைப்பீர்களா?

இது தொழில்நுட்பப் பக்கம். இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், போன் சும்மாவே சூடாகும், வகுப்பில் ஒருத்தி பார்த்துச் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு நாளைக்கு எவனாவது படத்தை வைத்து மிரட்டினால், அவள் வந்து சொல்ல வேண்டிய முதல் ஆள் நீங்கள். சொல்வாளா?

பதிலுக்கு இதைச் செய்யுங்கள். இருக்கும் இடத்தைப் பகிரும் வசதி கூகுள் மேப்ஸிலேயே இருக்கிறது, அவளுக்குத் தெரிந்தே அதை வைத்துக்கொள்ளலாம். அவள் இடம் உங்களுக்குத் தெரியட்டும், உங்கள் இடமும் அவளுக்குத் தெரியட்டும். எங்கள் வீட்டில் நாலு பேரும் அப்படித்தான், நான் தாமதமாக வந்தால் மகள் முதலில் கேட்கிறாள், "எங்கப்பா இன்னும் தாம்பரத்துலயே நிக்கறீங்க?" என்று. இரவு பத்து மணிக்கு எல்லா போனும் கூடத்து ஷெல்பில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும்தான். பணமோ மிரட்டலோ என்றால் 1930-க்கு அழைக்கலாம் என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள். அதற்கு முன்னால், என்ன நடந்திருந்தாலும் அப்பா திட்ட மாட்டேன் என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

கேள்வி: எங்கள் விடுதியில் மாலை 6 முதல் 10 வரை போனை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். ஆண்கள் விடுதியில் இந்த விதி இல்லை. பாடமே வாட்ஸ்அப் குழுவிலும் காணொளியிலும்தான் வருகிறது. எதிர்த்துப் பேசினால் வெளியே போ என்கிறார்கள்.
– பொறியியல் மாணவி (ஊர் வேண்டாம்)

பதில்: அம்மா, இதே 6 முதல் 10 வரையிலான விதிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்றதற்காக கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியிலிருந்து ஒரு மாணவியை வெளியேற்றினார்கள். அந்தப் பெண் கேரள உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: இணையத்தை அணுகுவது கல்வி பெறும் உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க வேண்டும். கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டுக் கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் மேற்கோள் காட்ட வலுவான தீர்ப்பு.

தனியாகப் போய் வாதாடாதீர்கள். பத்திருபது பேர் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தெந்தப் பாடம் போன் வழியாக வருகிறது என்று பட்டியல் போடுங்கள், ஆண்கள் விடுதியில் விதி இல்லை என்பதையும் தனிப் பத்தியாக எழுதுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள், பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இப்போது வரும் சில போன்களில் ஒரிஜினல் டிஸ்பிளேயை இன்னொரு ஒரிஜினல் போனிலிருந்து கழற்றிப் போட்டாலும் "தெரியாத பாகம்" என்று காட்டுகிறது, சில வசதிகள் வேலை செய்வதில்லை. வாடிக்கையாளர் நான் டூப்ளிகேட் போட்டுவிட்டதாக நினைக்கிறார். இது நியாயமா?
– கடைக்காரர், மதுரை

பதில்: நியாயமே இல்லை அண்ணே. பாகத்துக்குள்ளேயே ஒரு எண்ணை எழுதி, அந்த எண்ணைத் தாய்ப் பலகையோடு ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். ஜோடியை மாற்றும் மென்பொருள் கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. உங்கள் கையில் வித்தை இருக்கிறது, பாகமும் அசல், ஆனாலும் அனுமதி இன்னொருவன் தர வேண்டும்.

மென்பொருளில் சுதந்திரம் வேண்டும் என்ற இயக்கமே இப்படி ஒரு ரிப்பேர் தகராறில் பிறந்ததுதான். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அது அடிக்கடி காகிதம் சிக்கி நின்றுவிடும், அச்சுக்குக் கொடுத்தவர் வேறு மாடியில் இருந்து நடந்து வந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்து வைத்திருந்தார். புதியதிலும் அதைச் செய்யலாம் என்று மூல நிரலைக் கேட்டால், தர மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்றார்கள். 1983 செப்டம்பரில் அவர் க்னூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது அதன் அடிப்படை. உங்கள் மேஜையில் இன்றைக்கு நடப்பதும் அதே சண்டைதான்.

காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பேட்டரி பழசானால் ஐபோனின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மக்கள் கோபப்பட்டதும் 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்குச் செய்து கொடுத்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024-ல் இந்த ஜோடி சேர்க்கும் வேலையையே தடுத்துச் சட்டம் போட்டது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து, வாங்கியவரே பேட்டரியை எளிதில் கழற்றி மாட்டும்படி சாதனங்கள் இருக்க வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது, கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அதில் போடுகின்றன. கட்டாயச் சட்டம் வரவில்லை. வர வேண்டும், உங்களைப் போன்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் வரும்.

போன மாதம் ரிச்சி தெருவில் என் ஐந்து வருட போனுக்கு பேட்டரி மாற்றினேன். அந்தப் பையன் சூட்டுத் தட்டில் போனை வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து, ரிப்பன் கேபிள் இருக்கும் பக்கம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் தலைமயிர் அளவு தூக்கினான். நாற்பது நிமிடம், 1,400 ரூபாய். போனுக்கு இன்னும் மூன்று வருடம் ஆயுள் வந்துவிட்டது. அந்தக் கைக்கு மரியாதை கொடுக்காத சாதனம் என்ன சாதனம்? வாடிக்கையாளரிடம் வேலையைத் தொடங்கும் முன்பே இந்தச் செய்தி வரும் என்று சொல்லி, பில்லில் எங்கிருந்து எடுத்த பாகம் என்றும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: கிண்டிலில் நிறைய தமிழ்ப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். அவை என் சொத்துதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: படிக்க அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் உண்மை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலையே வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தூர இருந்தபடியே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லாமல் போனதுதான் காரணம், பணத்தையும் திருப்பித் தந்தார்கள். ஆனால் மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவன் வீட்டுப்பாடத்துக்காக அதில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எந்த வரிக்கு எழுதினவை என்றே தெரியாமல் வீணாயின, அவன் வழக்குப் போட்டான். ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரி 26-க்குப் பிறகு, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வழியையும் அமேசான் எடுத்துவிட்டது.

நான் மின்னூலுக்கு எதிரி இல்லை, என் கண்ணுக்குப் பெரிய எழுத்து வேண்டியிருக்கிறது. பூட்டு இல்லாத ஈபப் என்ற மின்னூல் கோப்பாக விற்கும் பதிப்பாளர் இருந்தால் அவரிடம் வாங்குகிறேன். பழந்தமிழ் நூல்கள் என்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. ஆயுளுக்கும் வேண்டும் என்று நினைக்கிற புத்தகத்தை மட்டும் தாளில் வாங்கிவிடுகிறேன்.

கேள்வி: எல்லா போனிலும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியைக் கட்டாயமாகப் போடச் சொன்னார்களே, பிறகு கைவிட்டார்கள். திருட்டு போனைக் கண்டுபிடிக்கும் நல்ல செயலிதானே அது? ஏன் எதிர்க்க வேண்டும்?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: நல்ல வசதிதான். போன் தொலைந்தால் அதன் ஐஎம்இஐ என்ற தனி அடையாள எண்ணைக் கொடுத்து எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாமல் முடக்கலாம், நானே நாலு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். (போனில் *#06# தட்டி அந்த எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.) வேண்டுமென்று நானாக நிறுவினால் அது என் கருவி. 2025 நவம்பர் கடைசியில் வந்த உத்தரவு, விற்கும் ஒவ்வொரு புது போனிலும் முன்கூட்டியே அது இருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். இன்று நல்ல செயலிக்காகத் திறந்த வாசல் நாளைக்கும் திறந்துதான் இருக்கும், அடுத்து எது உள்ளே வரும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்காது.

அரசுக்குக் கண்காணிக்கும் அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது, யார் உத்தரவில், எந்தக் காரணத்துக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். 1996-ல் பியுசிஎல் என்ற மக்கள் உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்கு வகுத்த நடைமுறை அதுதான். 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசரமோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இருந்தால்தான் சட்டம் அதை அனுமதிக்கிறது, குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது என்றார். லஞ்சம் வாங்குகிறவர் தப்பிவிடுவாரே என்று உங்களுக்கு வருத்தம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் அந்த வரம்பு இல்லாமல் போனால் முதலில் ஒட்டுக்கேட்கப்படுவது லஞ்சத்தை எதிர்த்து எழுதுகிறவர்தான்.

கேள்வி: 15,000 ரூபாய்க்குள் எந்த போன் வாங்கலாம்?
– பலர்

பதில்: மாடல் பெயர் சொன்னால் இதழ் அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும். கேமரா மெகாபிக்சலை விடுங்கள். எத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருவதாகக் கம்பெனி எழுத்தில் சொல்கிறது, உங்கள் ஊரிலேயே அதற்குப் பாகம் கிடைக்குமா, வேண்டாத செயலிகளை நீக்க விடுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். வாங்கிய அன்றே அமைப்புகளுக்குள் போய், எந்தச் செயலிக்கு மைக்கும் இருப்பிடமும் திறந்திருக்கிறது என்று பார்த்துத் தேவையில்லாததை மூடுங்கள்.

கேள்வி: அப்பா 1999 முதல் 2006 வரை எங்கள் ஊரின் வரலாற்றைக் கணினியில் தட்டி வைத்தார். இடப்பெயர்வில் தாள்கள் எல்லாம் போய்விட்டன, இரண்டு சீடிகள்தான் மிஞ்சின. அப்பா இப்போது இல்லை. திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: கெட்டிருக்காது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. அது 'தமிழ்' அம்மா. பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார். அதில் ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்பது இகரக் குறி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. கணினிக்கு அது கடைசி வரை ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்தார்கள், எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் போர்வை விலகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கு ஒவ்வொரு இடம். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் திறக்காது. 1991-லேயே யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டில், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அது புழக்கத்துக்கு வரப் பல வருடமாயிற்று. தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. நானும் இதில் அடிபட்டவன். காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருள், கணினியின் பின்னால் ஒரு சிறிய பூட்டுக் கட்டையைச் செருகினால்தான் திறக்கும். 2003-ல் கட்டை பழுதானது, விற்ற கம்பெனியை மூடிவிட்டிருந்தார்கள். நாங்கள் நாலு நண்பர்கள் நடத்திய சிற்றிதழின் பதினொரு இதழ்கள் அதற்குள் இருந்தன. ஏழு இதழ்களைத்தான் மீட்க முடிந்தது.

முதலில் சீடிகளை அப்படியே ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய சீடி எத்தனை தடவை படிக்க விடும் என்று சொல்ல முடியாது, அதனால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் சொடுக்கினால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும், எல்லாப் பக்கமும் பாமினிதானா என்று பாருங்கள். அப்புறம் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, என்எச்எம் கன்வர்ட்டர் நான் பயன்படுத்தியது. மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். மாற்றியதை வரிக்கு வரி கண்ணால் படிக்க வேண்டும். பழைய முறையில் 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவார்கள், யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. அந்த இடங்களில்தான் மாற்றி இடறும். ஆங்கிலத்திலேயே எழுதிய பெயர்களும் தேதிகளும் இருந்தால் அவற்றையும் தமிழாக்கி உளறும், அவற்றை மட்டும் கையால் சரிசெய்யுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டால், முந்நூறு பக்கம் இருந்தால்கூட இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். எங்காவது சிக்கினால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் வரியில் அப்பா ஊரின் பெயரை எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. படம் மங்கலாக இருப்பதால் என்னால் பாதிதான் படிக்க முடிந்தது.